வானூர்தியும் வழியனுப்பும் கண்ணீரும்

தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒருவர் பறந்து செல்வதற்காகப் பத்துப் பேர் ஒரே வேனில் நெருக்கியமர்ந்து செல்லும் பயணம் அது. புறப்பாட்டுக்கு முன் அந்த வண்டி பங்குத்தந்தையின் இல்லத்து முற்றத்தில் சற்று நிற்பது நம் ஊர்களில் வழக்கம். கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் நம் கையில் தந்து, "சாமி, ஒரு செபம் சொல்லி விடுங்க" என்று தலை குனிந்து நிற்பார்கள். நாமும் கை வைத்து மன்றாடி அனுப்பி வைப்போம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்து நின்ற ஒரு தாயை நம்மால் மறக்க இயலவில்லை. வெளிநாட்டில் செவிலியாகப் பணிபுரிந்த மகளின் பேறுகாலத்திற்குத் துணையாகச் செல்லவிருந்தார். பேருந்தில் நாகர்கோவில் வரை சென்றாலே தலை சுற்றும் அந்த அம்மாவுக்கு அதுவே முதல் வான்பயணம். "சாமி, எனக்குப் பயமா இருக்கு. பயப்படுறது பாவமா?" என்று கேட்டார். குருமடத்தில் கற்றதெல்லாம் நாவின் நுனியில் நின்ற காலம் அது. "விசுவாசம் இருக்கும் இடத்தில் அச்சத்திற்கு வேலை இல்லை, அம்மா" என்று விடையளித்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு வண்டியேறினார். நாம் சொன்னது சரிதானா என்னும் வினா அன்று நம் மனத்தில் எழவில்லை. பின்னாளில் எழுந்தது. மனிதன் பறந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கத் தூண்டியதும் அந்த வினாவே.

பறக்கும் கனவு தமிழருக்குப் புதிதன்று. செலுத்துவோன் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தியைப் புறநானூறு பேசுகிறது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறது. அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சியால் அழிவு நெருங்கிய வேளையில், சச்சந்தன் என்னும் அரசன் நிறைசூலியான தன் தேவி விசயையை அம்மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அது அவளைச் சுடுகாட்டில் இறக்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். நம் காப்பியம் காட்டும் இப்பறத்தல் உல்லாசப் பயணம் அன்று. கணவனைப் பிரிந்து, பிள்ளையின் உயிர் காக்க ஒரு பெண் கண்ணீரோடு மேற்கொண்ட பயணம். இதனை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

மேலைநாட்டில் இக்கனவைக் கணக்கும் அறிவியலும் கொண்டு அணுகியவர்களுள் குருக்களும் இருந்தனர். இத்தாலிய இயேசு சபைக் குருவான பிரான்செஸ்கோ லானா என்பவர் 1670ஆம் ஆண்டு, காற்று நீக்கப்பட்ட நான்கு செப்புக் கோளங்களால் உயரத் தூக்கப்படும் ஒரு வான்கப்பலை வரைந்து விளக்கினார். ஆனால் அவரே அதைக் கண்டு அஞ்சினார். இத்தகைய கருவியிலிருந்து நகரங்கள் மீதும் கப்பல்கள் மீதும் நெருப்பை எறியலாம் என்பதால், இறைவன் இதை நிறைவேற விடமாட்டார் என எழுதினார். அவருடைய அச்சம் வீண்போகவில்லை என்பதை 20ஆம் நூற்றாண்டின் போர்கள் காட்டின. 1709 ஆகஸ்டில் பர்த்தொலொமேயு தெ குஸ்மாவ் என்னும் குரு, லிஸ்பன் நகரில் போர்த்துக்கல் மன்னர் முன்னிலையில் வெப்பக் காற்றால் எழும்பும் சிறு கூண்டு ஒன்றைப் பறக்கவிட்டார். அது மேலே எழும்பியதும், திரைச்சீலைகளில் தீப்பற்றிவிடுமோ என்று அஞ்சிய ஊழியர்கள் அதை அடித்து வீழ்த்தினர் என்பர். வியப்பும் அச்சமும் ஒரே அறையில், ஒரே நொடியில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் எனலாம்.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் பொறி முதன்முறை 12 நொடிகளே வானில் நின்றது. அதன்பின் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் இந்திய மண்ணும் விமானத்தைக் கண்டுவிட்டது. சென்னையில் உணவு விடுதி நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பவர் 1910இல் தாமே ஒரு விமானத்தை உருவாக்கிப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். 1911 பிப்ருவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து ஆற்றுக்கு அப்பாலுள்ள நைனிக்கு ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டு சென்றார். இப்புதுமையை உலகம் எவ்வளவு விரைவில் ஏற்றுக்கொண்டதோ, அவ்வளவு விரைவில் அது தந்த அச்சத்தையும் உணர்ந்தது. எனவேதான் 1920 மார்ச் 24 அன்று, திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் காலத்தில், லொரேட்டோ அன்னை வான்பயணிகளின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார். நாசரேத்து வீட்டை வானதூதர் சுமந்து வந்தனர் என்னும் பழைய பக்திமரபு அதற்குக் காரணமாயிற்று.

விமானிகள் போற்றும் மற்றொரு பாதுகாவலர் கூப்பர்த்தீனோ நகரத்துப் புனித சூசையப்பர் (1603-1663). செபத்தில் ஆழ்ந்தபோது தரையை விட்டு எழும்பினார் என்று சொல்லப்படும் பிரான்சிஸ்கன் துறவி அவர். இதற்காக அவரை யாரும் தோளில் தூக்கிக் கொண்டாடவில்லை. விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். மக்கள் கூட்டம் காணாதவாறு ஒரு மடத்திலிருந்து மற்றொரு மடத்திற்கு மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தார். இறுதியில் ஒசிமோ நகரில் மறைந்த வாழ்வு வாழ்ந்து இறந்தார். மேலே எழுந்தவரைக் கண்டு கீழே நின்றவர்களே பெரிதும் அஞ்சினர் என்பது கருதத்தக்கது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். அந்நாளில் தக்கலையும் பத்மநாபபுரமும் கல்குளமும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அரச குடும்பத்தில் மணம் புரிந்த கோதவர்மராஜா என்பவரின் முயற்சியால் 1932இல் திருவனந்தபுரத்தில் விமானக் கழகத்தின் வழி விமான நிலையத்திற்கு வித்திடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைச் செலுத்தினார். அங்கிருந்து சென்னைக்கு அதை ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். அதே வின்சென்ட் 1935இல் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைச் சுமந்து, டாட்டா நிறுவனத்தின் சிறு விமானத்தில் மன்னர் சித்திரைத் திருநாளைக் காணத் திருவனந்தபுரம் வந்திறங்கினார். 1935 நவம்பர் 1 அன்று அரசு அஞ்சலோடு அது பம்பாய்க்குத் திரும்பியது. சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. எல்லைக்கோடு மாறியது. வானுக்குச் செல்லும் நம் வாசல் மட்டும் திருவனந்தபுரத்திலேயே நிலைத்துவிட்டது. அவ்வாசலைத் திறந்த கோதவர்மராஜா 1971ஆம் ஆண்டு குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் உயிர் துறந்தார் என்பது வரலாற்றின் துயரமான முரண்.

அக்காலத்தில் விமானம் என்பது மன்னருக்கும் மாண்புமிக்கோருக்கும் உரியது. எளியோர் அதன் ஒலி கேட்டு முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. திருச்சபையிலும் அவ்வாறே. பதவியிலிருக்கும் திருத்தந்தை ஒருவர் முதன்முதலாக வானூர்தியில் பயணம் செய்தது 1964 ஜனவரியில்தான். திருநாட்டுக்குப் பறந்த ஆறாம் பவுல், அவ்வாண்டு டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய்க்கும் வந்தார். 1986 பிப்ருவரியில் இரண்டாம் யோவான் பவுல், நம் மூத்தோர் வழக்கில் இரண்டாம் அருள் சின்னப்பர், திருவனந்தபுரம் வந்தபோது, விமானம் அருளையும் கொண்டுவரும் என்று நம் மக்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் அதற்கு முன்பே நம் மாவட்டத்து இளைஞர்கள் வேறொரு காரணத்திற்காகப் பறக்கத் தொடங்கிவிட்டனர். 1970களில் வளைகுடா நாடுகளில் எண்ணெய் வளம் பெருகியபோது கொத்தனாரும் தச்சரும் ஓட்டுநரும் மீனவரும் அங்கே சென்றனர். நிலத்தை ஒற்றி வைத்தும் தாலிச் சங்கிலியை அடகு வைத்தும் பயணச்சீட்டு வாங்கிய காலம் அது. முதலில் பம்பாய் வரை இரயில், பின்னர் விமானம் என்று சென்றவர்களும் உண்டு. 1978 ஜனவரி 1 அன்று பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் அசோகச் சக்கரவர்த்தி என்னும் பெயர் தாங்கிய விமானம் கடலில் வீழ்ந்து 213 பேரும் மாண்டனர். பிழைப்புத் தேடிச் செல்லும் வழியிலேயே உயிர் போகக்கூடும் என்பதை வளைகுடாவுக்கு ஆளனுப்பிய வீடுகள் அன்று அறிந்துகொண்டன. அறிந்தும் பயணம் நிற்கவில்லை. அச்சத்தைவிடக் கடன் பெரிது. கடனைவிடத் தங்கையின் திருமணம் பெரிது.

1990இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது நிலை தலைகீழாயிற்று. ஏறும்போது அச்சம் தந்த அதே விமானம், அம்மான் நகரிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரைத் தாயகம் சேர்த்தது. அடுத்த ஆண்டு, 1991இல், திருவனந்தபுரம் பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கடற்கரையைச் சூறையாடியபோது விமானத்தைப் பற்றிய மற்றோர் உணர்வையும் கண்டோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் பெண்கள் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நின்றனர். தேடும் ஹெலிகாப்டர் வருகிறதா, வந்தது இன்னும் ஆழ்கடலுக்குச் செல்லுமா என்பதே அவர்கள் வினா. தேடுதலைத் தீவிரப்படுத்தக் கோரி டிசம்பர் 7 அன்று குழித்துறை இரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தனர். விமானம் வந்துவிடுமோ என்று நடுங்குவது ஒருவகை. வராமற்போகுமோ என்று நடுங்குவது அதனினும் கொடிது.

மகிழ்ச்சியும் இல்லாமலில்லை. பத்மநாபபுரத்தில் சிறைப்பட்டு, எருமை மீது அமர்த்தி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த நம் தேவசகாயம், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார். அவ்விழாவுக்காக நம் பகுதியிலிருந்து பலர் பறந்தனர். எருமையில் இழுத்துச் செல்லப்பட்டவரின் புகழ்பாட வானூர்தியேறிச் சென்ற பேரப்பிள்ளைகளின் முகத்தில் கண்ட களிப்பை என்னென்பது!

இவ்வளவுக்கும் பிறகு அச்சம் ஓய்ந்துவிட்டதா? 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் இலண்டனுக்குக் கிளம்பிய விமானம் வீழ்ந்து, அதிலிருந்த 242 பேரில் ஒருவரே உயிர்தப்பினார். தரையிலிருந்தோரும் மாண்டனர். அடுத்த சில வாரங்கள் நம் இல்லத்து முற்றத்தில் நின்ற வண்டிகளில் பேச்சொலி குறைந்திருந்தது. கடந்து செல்லும் தொலைவோடு ஒப்பிட்டால் விமானத்தைவிடச் சாலையே ஆபத்து மிகுந்தது என்பதைப் படித்தவர் அறிவர். ஆயினும் கணக்கு நெஞ்சை ஆற்றுவதில்லை. ஆழ்கடலில் புயலைக் கண்டும் கலங்காத மீனவர் ஒருவர், விமானம் சற்றே குலுங்கியதும் இருக்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். "வள்ளத்துல சுக்கான் எங் கையில இருக்கும் சாமி. அங்க யாரு கையில இருக்குன்னு தெரியாதே" என்றார். உயரத்தைவிட, தன் உயிரைக் காணாத ஒருவர் கையில் ஒப்படைப்பதே மனிதனை நடுங்கச் செய்கிறது. நம் மக்களுக்கோ அதற்கும் மேலாக ஒன்றுண்டு. அது பிரிவு. மயிற்பொறியில் ஏறிய விசயை முதல், திருவனந்தபுரத்துக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கையசைத்து மறையும் நம் பிள்ளைகள் வரை, பறத்தலின் அச்சம் பறப்பவரைவிட வழியனுப்பி நிற்பவரையே மிகுதியும் பற்றுகிறது.

பேறுகாலத் துணைக்குச் சென்ற அத்தாய் ஆறு மாதம் கழித்துத் திரும்பினார். பேரக்குழந்தையின் புகைப்படத்தைக் காட்ட வந்தவரிடம், "பயமெல்லாம் போய்விட்டதா, அம்மா?" என்று சற்றே பெருமிதத்தோடு கேட்டோம். அவர் சிரித்தார். "பயம் போவல்ல சாமி. பயத்தோடதான் போனேன்" என்றார்.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே அச்சமுற்றுக் கலங்கினார் என்பதைக் குருமடத்தில் நாமும் படித்துத் தேர்வெழுதியவர்தாம். ஆயினும் அச்சமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் என்பதை, எழுத்தறிவு குறைந்த அத்தாயே நமக்குக் கற்பித்தார். அச்சமின்றிச் செல்வதைவிட அச்சத்தோடும் அன்புக்காகச் செல்வது பெரிது.

அன்று முதல் முற்றத்தில் வண்டி வந்து நிற்கும்போது "பயப்படாதீர்கள்" என்று நாம் சொல்வதில்லை. பறப்பவருக்காக மன்றாடிய கையோடு, வேனின் பின்னிருக்கையில் தலைகுனிந்திருக்கும் தாய்க்காகவும் தந்தைக்காகவும் இன்னொரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்கிறோம். போகும்போது பத்துப் பேர் இருந்த வண்டியில் திரும்பி வருகையில் ஒன்பது பேரே இருப்பர். அந்த ஓரிடத்து வெறுமையைச் சுமப்பவர்க்கும் செபம் வேண்டுமல்லவா?