பழைய தையல் மிஷின்: புதிதாய்ப் பழகுவோர் எதை வாங்கலாம்?

ஐசக் மெரிட் சிங்கர் 1851-ல் அமெரிக்காவில் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எலியாஸ் ஹோவ் 1846-லேயே ஒன்று பெற்றிருந்தார். இருவரும் போட்ட வழக்கு தனிக்கதை, விட்டுவிடுவோம். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்னும் ஊரில் 1885-ல் சிங்கர் கம்பெனி திறந்த பெரிய ஆலை 1980-ல் மூடப்பட்டது. ஆனால் அங்கே வார்த்த இரும்பு நம் நாட்டு வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகளே 1924-ல் சிங்கர் மிஷினுக்கு விலக்கு அளித்தார் என்பதை அன்பர்கள் அறிவர்.

கல்கத்தா வாழ் தமிழர்க்கு இதில் ஓர் உறவும் உண்டு. உஷா மிஷின் பிறந்தது இங்கேதான். ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1938-ல் லாலா ஸ்ரீராம் கைக்கு வந்தது. பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் அதன் ஆலை இருந்த இடத்தில்தான் சவுத் சிட்டி மாலும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. அங்கே ரெடிமேட் வாங்கப் போகும் நம் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, தைத்துப் பிழைக்க நினைக்கும் ஒரு பெண் எதை வாங்குவது? தங்கப் பூவேலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், பழம்பொருளுக்கு விலை வேறு, பிழைப்புக்கு விலை வேறு. முதலில் அடித்தகட்டைத் தள்ளிப் பாருங்கள். படகு மாதிரி நீண்ட ஷட்டில் இருந்தால் அழகாகத் தைக்கும், பாபினுக்குத்தான் அலைய வேண்டும். வட்ட பாபின் போடும் சிங்கர் 15 வகை நல்லது. நம் நாட்டு மிஷின்கள் பலவும் அதன் சாயல்தான் என்பதால் ஊசி, பாபின் எல்லாம் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். 1865-ல் வந்த பழைய 'நியூ ஃபேமிலி' வகைக்கோ ஊசி தேடியே காலம் போய்விடும்.

பிறகு கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் மிஷின் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருப்பாங்க. அது காய்ந்து பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தால் இளகும். வார்ப்பில் விரிசல் இருந்தால்தான் தொடாதீர்கள். கடைசியாக, காடாத் துணியை இரண்டாய் மடித்துத் தைத்து, அடிப்பக்கத் தையலையும் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.