43,088 ரொட்டித் துண்டுகள்

1969ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ‘குராஷி நோ தெச்சோ’ என்ற ஜப்பானியக் குடும்ப இதழில் ஒரு புகைப்படம் இருந்தது. அதில் ரொட்டித் துண்டுகள் மலைபோல அடுக்கப்பட்டிருந்தன. மொத்தம் 43,088 துண்டுகள். எந்த டோஸ்டர் வாங்கலாம் என்று வாசகர்களுக்குச் சொல்வதற்காக அந்த இதழின் ஊழியர்கள் சுட்டுத் தீர்த்தவை அவை.

ஒரு டோஸ்டரைச் சோதிக்க நாலு துண்டு போதாதா? போதாது. ஆறிக் கிடக்கும் கருவியில் முதல் துண்டு ஒரு மாதிரி வேகும். கருவி சூடேறியபின் அடுத்தடுத்த துண்டுகள் வேறு மாதிரி வேகும், சில கருகும். வாங்கிய புதிதில் துண்டை ஒழுங்காக மேலே தள்ளும் ஸ்பிரிங், ஒரு வருஷம் போனபின் எப்படித் தள்ளும் என்பதும் தெரிய வேண்டும். ஒரு குடும்பம் காலை தோறும் செய்வதை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு குறுக்குவழி இல்லை. அந்த இதழ் குறுக்குவழி தேடவும் இல்லை.

இதழைத் தொடங்கியவர்கள் இருவர். ஷிஸுகோ ஓஹாஷி 1920இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். தாயையும் இரண்டு தங்கைகளையும் காப்பாற்றும் பொறுப்பைச் சுமந்தவர். பெண்களுக்கென ஒரு பத்திரிகை நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்குத் துணையாக ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் யாசுஜி ஹனமோரி. 1911இல் கோபே நகரில் பிறந்த ஹனமோரி, போர்க்காலத்தில் படையில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். காசநோய் வந்ததால் ஊர் திரும்பினார். பிறகு அரசு சார்ந்த அமைப்பொன்றில் போர்ப் பிரசாரப் பணி செய்தார். அவருடைய பிற்கால உழைப்பு முழுவதையும் அந்த நாட்களோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மக்கள் தங்கள் அன்றாட வாழ்க்கையை, தங்கள் சோற்றையும் துணியையும் வீட்டையும், உயிராக மதித்திருந்தால் இவ்வளவு எளிதாகப் போருக்கு இழுத்துச் செல்லப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது போருக்குப் பின் அவர் வந்து சேர்ந்த முடிவு.

1946இல் இருவரும் டோக்கியோவில் உடை பற்றிய ஒரு சிறு பதிப்பகம் வைத்தார்கள். 1948 செப்டம்பரில் புதிய இதழ் பிறந்தது. முதல் இதழ் 10,000 பிரதிகள் அச்சானது. விற்பனை சுலபமாக இல்லை. 1949இல் வந்த ஐந்தாவது இதழில், பேரரசரின் மூத்த மகள் ஷிகெகோ ஹிகாஷிகுனி, பற்றாக்குறையில் தம் வீட்டைக் கட்டுச்செட்டாக நடத்தும் கதையை எழுதினார். அந்தக் கட்டுரைதான் இதழைத் தூக்கி நிறுத்தியது.

பொருள் சோதனை தொடங்கியது 1954 டிசம்பரில், 26ஆம் இதழில். முதலில் எடுத்துக்கொண்டது குழந்தைகளின் காலுறை. பள்ளிச் சிறுமிகளிடம் கொடுத்து மூன்று மாதம் தினமும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சாயம் போகிறதா, எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்று பார்த்தார்கள். அடுத்தடுத்து தீக்குச்சி, பென்சில், இஸ்திரிப் பெட்டி. மலிவான, எல்லார் வீட்டிலும் கிடக்கிற, யாரும் இரண்டாவது தடவை யோசிக்காமல் வாங்குகிற சாமான்கள். ஹனமோரியின் கண் எங்கே இருந்தது என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி.

அமெரிக்காவில் இதற்கு முன்மாதிரி இருந்தது. அங்கே நுகர்வோர் சங்கம் 1936 முதல் பொருள்களைச் சோதித்து இதழில் வெளியிட்டு வந்தது. பிரிட்டனின் ‘விச்?’ இதழ் 1957இல்தான் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முந்தியே ஜப்பானியக் காலுறைச் சோதனை நடந்துவிட்டது.

இதழுக்குச் சில கண்டிப்பான விதிகள் இருந்தன. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் சாமானை நிறுவனத்திடமிருந்து இலவசமாகப் பெறுவதில்லை. சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் காசு கொடுத்தே வாங்க வேண்டும். நல்லது எது, மட்டமானது எது என்று நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும். கைக்குழந்தை வண்டிகளைச் சோதித்தபோது ஊழியர்கள் அவற்றில் பாரம் ஏற்றி 100 கிலோமீட்டர் தெருவில் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சக்கரம் கழலுமா, கைப்பிடியைப் பிடித்த கை வலிக்குமா என்பதை மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது அல்லவா?

எல்லாவற்றிலும் பெரிய சண்டையைக் கிளப்பியது மண்ணெண்ணெய்க் கணப்பு. ஜப்பானியக் குளிருக்கு அது வீட்டுக்கு வீடு தேவை. 1960இல் நடத்திய சோதனையில், பிரிட்டனிலிருந்து வந்த அலாதின் நிறுவனத்தின் நீலச் சுடர்க் கணப்புக்கே முதலிடம் தந்தார்கள். உள்நாட்டுத் தயாரிப்புகளைக் குறை சொல்ல அவர்கள் தயங்கவில்லை. அலாதின் விற்பனை மளமளவென ஏறியது. அடி வாங்கிய உள்நாட்டு நிறுவனங்கள் தங்கள் கணப்புகளைத் திருத்தத் தொடங்கின.

கணப்பு கவிழ்ந்து தீப்பிடித்தால் என்ன செய்வது? முதலில் கம்பளியைப் போட்டு மூட வேண்டும் என்றது டோக்கியோ தீயணைப்புத் துறை. இதழின் ஊழியர்கள் கணப்புகளைத் தாங்களே பலமுறை தீப்பற்றவிட்டு அணைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரே மேல் என்று எழுதினார்கள். அரசுத் துறையின் அறிவுரைக்கு ஒரு குடும்பப் பத்திரிகை மறுப்புச் சொல்வதா என்று நாடே பேசியது. கடைசியில் 1968 பிப்ரவரியில் அரசின் தீயணைப்பு ஆய்வு நிலையம் எல்லார் முன்னிலையிலும் சோதனை நடத்தியது. தண்ணீர்தான் வென்றது. (இது அந்தக் கணப்புக்கு மட்டுமே பொருந்தும். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது.)

அதே 1968 ஆகஸ்டில் ஓர் இதழ் முழுவதையும் வாசகர்களின் போர்க்கால நினைவுகளுக்கே ஒதுக்கினார் ஹனமோரி. ரேஷன் வரிசை, குண்டுவீச்சில் எரிந்த வீடு, பசியோடு தூங்கிய பிள்ளைகள் என்று சாதாரண மக்கள் தங்கள் கையால் எழுதி அனுப்பியவை. கணப்புக்கும் டோஸ்டருக்கும் நடுவே இப்படி ஓர் இதழ் எதற்கு என்று கேட்பவர்கள் ஹனமோரியைப் புரிந்துகொள்ளவில்லை. படைக்கு அழைக்கும் அஞ்சலட்டையின் விலைதான் ஒரு சிப்பாயின் விலை என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. 1971இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பின் தலைப்பிலேயே அந்த விலை, ஒரு சென் ஐந்து ரின், இருக்கிறது. சாமானியரின் உயிருக்கு அந்த விலை போட்ட நாட்டில், சாமானியர் வாங்கும் டோஸ்டருக்காக ஓர் அலுவலகமே 43,088 ரொட்டித் துண்டுகளைச் சுட்டு மெனக்கெட்டது. அது சின்ன விஷயமல்ல.

1969இல் நூறாவது இதழில் சோதனைகளின் நோக்கத்தை அவர் விளக்கினார். படித்தவர்கள் வியந்திருப்பார்கள். சோதனை வாங்குபவருக்காக அல்ல, தயாரிப்பவருக்காக என்றார். கடையில் நல்ல சாமான் மட்டுமே இருந்தால் வாங்குபவர் எதையும் ஆராய வேண்டியதில்லை. ஆகவே தயாரிப்பவரை நல்லதாகச் செய்ய வைப்பதே வேலை. அதற்கு எந்த நிறுவனமும் மறுக்க முடியாத கச்சிதமான ஆதாரம் வேண்டும். ஒரு தவறான வரி ஒரு தொழிற்சாலையின் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்ற பயமும் பொறுப்பும் அந்த எண்ணிக்கைகளுக்குப் பின்னால் இருந்தன. இன்றைய விமர்சனங்களில் அரிதாகிவிட்டது இந்தப் பயம்தான்.

உச்சத்தில் இதழ் 10 லட்சம் பிரதிகளை நெருங்கியது. 1972இல் ஹனமோரிக்கு மகசேசே விருது கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு அதே விருதைப் பெற்றவர்களில் நம் எம்.எஸ். சுவாமிநாதனும் ஒருவர். 1978 ஜனவரியில் ஹனமோரி காலமானார். அதே ஆண்டு இந்தியாவில், அகமதாபாத்தில், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அது பின்னர் சொந்த ஆய்வுக்கூடம் வைத்துப் பொருள்களை ஒப்பிட்டுச் சோதித்தது. ஓஹாஷி 2013 வரை வாழ்ந்தார். 2016இல் அவர் வாழ்க்கையைத் தழுவிய தொலைக்காட்சித் தொடரை ஜப்பான் தினமும் காலையில் பார்த்தது.

மிக்ஸியோ கைபேசியோ குழந்தையின் பொம்மைக் காரோ, அதை ஒருவர் புகழ்ந்து பேசும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அதைக் காசு கொடுத்து வாங்கினாரா? எத்தனை நாள் புழங்கினார்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாதவர் பேச்சை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்.