மார்பிற் கட்டிய துணி

குறைமாதத்திற் பிறந்த மகவுக்கு முதற் பகை குளிர். தோலின் கீழே கொழுப்புக் குறைந்த அச்சிறு உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே காக்கமாட்டாது. இக்குறை தீர 1880ஆம் ஆண்டளவிற் பாரிஸ் நகரத்து மகப்பேற்று மருத்துவர் தார்னியே ஒரு வழி கண்டார். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, அதுபோன்ற வெப்பப் பெட்டியொன்றைக் குழந்தைகளுக்காகச் செய்வித்தார். அதன் வழிவந்ததே இன்கியுபேற்றர். குறைமாதக் குழந்தைக்குப் பெட்டியே புகலிடம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலைத்தது.

அக்கருத்து அசைந்த இடம் தென்னமெரிக்காவிலே கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2600 மீற்றர் உயரத்தில் அமைந்த குளிர்ந்த நகரம் அது. அங்குள்ள தாய் சேய் மருத்துவமனையில் 1970ஆம் ஆண்டுகளிற் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த நேர்ந்தது. ஒன்றைப் பற்றிய நோய் மற்றதையும் பற்றியது, மரணங்கள் மலிந்தன. மகவைப் பிரிந்திருந்த தாய்மாருட் சிலர் அதனைக் கைவிட்டும் சென்றனர்.

1978ஆம் ஆண்டில் டொக்டர் எட்கார் ரே சனாப்ரியா அங்கே புதுவழியொன்றைத் தொடங்கினார். கங்காருக் குட்டி வளர்ச்சி முற்றாமலே பிறந்து, தாயின் பையிற் சூடும் பாலும் பெற்று வளர்வது அவர் கருத்தைக் கவர்ந்தது. அடுத்த ஆண்டில் டொக்டர் எக்டோர் மார்ட்டினெஸ் அவருடன் சேர்ந்தார். குழந்தையைத் தாயின் வெறுமார்பிலே தோலோடு தோல் பொருந்தத் துணியாற் கட்டினர்; தாய்ப்பால் ஊட்டுவித்தனர்; உடல் தேறியதும் அந்நிலையிலேயே வீட்டுக்கு அனுப்பி, குறித்த நாள்களில் வரவழைத்துப் பார்த்தனர்.

கட்டும் முறையிலேதான் குழந்தையின் உயிர் இருக்கிறது. ஏணையிற் கிடப்பதுபோல மகவு வளைந்து கிடத்தல் ஆகாது. நாடி நெஞ்சிற் படிந்தால் மூச்சுவழி அடைபடும். ஆதலால் அதனை நிமிர்த்தி வைத்து, தலையை ஒருபுறம் திருப்பிச் சிறிதே நிமிர்த்துவர். துணியின் மேல்விளிம்பு காதின் கீழே நிற்கும். தவளையின் கால்கள்போல் அதன் கால்கள் மடிந்து விரிந்திருக்கும். துணியின் இறுக்கம் மகவின் நெஞ்சின்மேல் இருக்கவேண்டும், வயிற்றை நெருக்கலாகாது. தாய் எழுந்து நின்றாலும் மகவு நழுவாத அளவுக்குக் கட்டு உறுதியாதல் வேண்டும்.

உலகம் இதனை உடனே நம்பிவிடவில்லை. முதல் நாள்களைத் தாண்டிப் பிழைத்த குழந்தைகளை மட்டுமே கணக்கிற் கொண்டமையால் வெற்றி மிகையாகத் தோன்றுகிறதென 1985ஆம் ஆண்டிற் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் எழுதினர். நியாயமான அவ்வையத்துக்குச் சோதனையே விடை தந்தது. 1993, 1994ஆம் ஆண்டுகளிற் பொகோட்டாவில் 2000 கிறாமுக்கு மேற்படாத 746 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். துணியிற் கட்டப்பட்ட பிரிவு மற்றதற்குக் குறைந்ததன்று எனத் தெரிந்தது. ஆயினும் அவை ஓரளவு உடல் தேறிய குழந்தைகள். பிறந்தவுடனேயே கட்டலாமா என்னும் கேள்வி எஞ்சி நின்றது.

அதற்குக் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளின் 5 மருத்துவமனைகளில் 3211 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2021ஆம் ஆண்டில் விடை கூறிற்று. முதலில் வெப்பக் கருவியிற் பேணப்பட்டோருள் 28 நாள்களுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 15.7, உடனே மார்பில் அணைக்கப்பட்டோருள் 12.0. பலன் தெளிவானமையால் ஆய்வு குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் உலகச் சுகாதார ஸ்தாபனம், பிறந்தபின் இயன்ற விரைவில் இம்முறையைத் தொடங்குமாறு பரிந்துரைத்தது.

செயற்கைச் சுவாசம் வேண்டிய குழந்தைக்குப் பொறி இன்றும் இன்றியமையாததே. ஆனால் பொறி போதாமையால் எடுத்த துணி, பொறி உள்ள இடத்திலும் உயிர் காக்கிறது. தாயையும் சேயையும் பிரித்து வைத்த மருத்துவமனைகள் இருவரையும் ஒன்றாக வைத்துப் பேணக் கற்றுக்கொண்டதே இவ்வரலாற்றின் பயன்.