'எஸ்'ஸா, 'சி'யா?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், இங்கே ஒரு நூலகத்தில் சிலப்பதிகாரம் தேடினேன். கம்ப்யூட்டர் பட்டியலில் ஆங்கில எழுத்தில்தான் தேட வேண்டும். நாமெல்லாம் எழுதுகிற மாதிரி 'எஸ்' போட்டு ஆரம்பித்தேன். இல்லை என்றது. பக்கத்தில் இருந்த வயதான ஊழியர், "'சி' போட்டுப் பாருங்க, தாதா" என்றார். (பயப்படாதீர்கள், வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.) போட்டேன். மூன்று பதிப்புகள் வந்து நின்றன!

தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று குடைந்ததில் கிடைத்த கதைதான் இது.

1954-இல் வந்த சட்டப்படி, இந்தியாவில் எந்த மொழியில் புத்தகம் போட்டாலும் ஒரு பிரதியை இங்குள்ள தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போது நூலகராக இருந்தவர் மயிலாப்பூரில் பிறந்த பி.எஸ். கேசவன். அவர் முயற்சியில் 1958 முதல் இந்தியாவின் தேசிய நூற்பட்டியல் அச்சாகி வந்தது. தமிழும் வங்காளமும் உருதுவும் ஒரே பட்டியலில் நிற்க வேண்டுமே, என்ன செய்வது? எல்லாத் தலைப்பையும் ரோமன் எழுத்துக்கு மாற்றினார்கள். கூடவே சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பு எண்ணையும் கொடுத்தார்கள். எண்ணுக்கு ஸ்பெல்லிங் தகராறு கிடையாது. கணக்கு வாத்தியார் மூளை!

தமிழை ரோமனில் எழுத ஒரு கறாரான முறை ஏற்கனவே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் அதைப் பார்க்கலாம். சகரத்துக்கு 'சி'. ளகரத்துக்கு 'எல்' போட்டுக் கீழே புள்ளி, ழகரத்துக்கு அதே 'எல்' கீழே கோடு. அந்த லெக்சிகனின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்களும் சுவடிகளும் இன்று இருப்பது இதே தேசிய நூலகத்தில்தான்.

அட்டையில் கையால் எழுதிய காலத்தில் புள்ளியும் கோடும் பத்திரமாக இருந்தன. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடம். புள்ளிக்கும் கோட்டுக்கும் அதில் இடமில்லை. உதிர்ந்தன. ல, ள, ழ மூன்றும் ஒன்றாயின. பல்லியும் பள்ளியும் ஒன்று! எங்கள் வங்கியிலும் கையேடுகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது ஒரே சண்முகம் மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று வாடிக்கையாளர் ஆனார். ஆனால் அவர் கவுண்டருக்கு வந்து சண்டை போடுவார். புத்தகம் போடாது.

1991-இல் யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது. இன்று கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளிலேயே தமிழில் தலைப்பு ஏற்றலாம், தமிழிலேயே தேடலாம். ஆனால் உதிர்ந்த புள்ளியை எந்த மென்பொருளாலும் நிச்சயமாகத் திருப்பிப் போட முடியாது. தமிழ் தெரிந்த ஒருவர் அலமாரி முன்னால் நின்று, அட்டையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதுவரை, யாரும் தேடிக் கண்டுபிடிக்காத புத்தகத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். யாரும் எடுக்காத புத்தகம் எது என்று அதே கம்ப்யூட்டர் கச்சிதமாகப் பட்டியல் போடும். இடம் போதாமல் கழிக்கும்போது அந்தப் பட்டியல்தான் முதலில் கைக்கு வரும்.

நானும் மகளும் இப்போது சனிக்கிழமைகளில் அந்த நூலகத்துக்குப் போகிறோம். அவள் தலைப்பைப் படிப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். தமிழ் எழுத்தில் ஒரு பத்தி, பட்டியலில் உள்ள ஸ்பெல்லிங் ஒரு பத்தி. இருநூறைத் தாண்டிவிட்டது. கேட்டதும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். உங்கள் ஊர் நூலகத்திலும் தமிழ் அலமாரி இருந்தால் ஒருநாள் போய்ப் பாருங்களேன்.