71 பாகை: அரைத்த மாட்டிறைச்சியைச் சமைப்பதன் வரலாறு

அரைத்த மாட்டிறைச்சி என்பது மாட்டின் தசையையும் கொழுப்பையும் இயந்திரத்தில் இட்டு நுணுக்கிப் பெறப்படும் இறைச்சி ஆகும். கத்தியால் பொடியாகக் கொத்திய இறைச்சியைத் தமிழில் கொத்துக்கறி என்பர். இன்று இயந்திரத்தில் அரைத்ததற்கும் அதே பெயர் வழங்குகிறது. ஆங்கிலேயர் இதனை மின்ஸ் என்றும் அமெரிக்கர் கிரவுண்ட் பீஃப் என்றும் அழைக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் இப்பெயரில் விற்கப்படும் இறைச்சியில் கொழுப்பு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

சமையல் பழகத் தொடங்குபவர்கள் பலர் முதலில் கையில் எடுக்கும் இறைச்சி இதுவே. எலும்பு நீக்கவோ துண்டு போடவோ வேண்டியதில்லை. சூடான சட்டியில் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆயினும் இதைப் பற்றிய அமெரிக்கக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஓர் எண் தவறாமல் இடம்பெறும். இறைச்சியின் நடுப்பகுதி 160 பாகை பாரன்ஹீட், அதாவது 71 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும் என்பதே அது. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. கெட்ட இறைச்சியால் ஒருவர் நோயுற்றால் பொறுப்பு விற்றவருடையதா, சமைத்தவருடையதா என்பதே அவ்வழக்கு.

அரைப்பதால் நேரும் மாற்றம்

நலமான விலங்கின் தசையின் உட்பகுதியில் பொதுவாக நுண்ணுயிரிகள் இருப்பதில்லை. தோலை உரிக்கும்போதும் குடலை நீக்கும்போதும் சாணத்தில் உள்ள கிருமிகள் இறைச்சியின் மேற்பரப்பில் ஒட்டுகின்றன. முழுத்துண்டு இறைச்சியை நெருப்பில் வாட்டினால் மேற்பரப்பு முதலில் சூடாகிக் கிருமிகள் அழிந்துவிடும். அதனால் உள்ளே சிவப்பாக இருக்கும் ஸ்டீக்கை உண்பதில் ஆபத்து குறைவு.

அரைக்கும்போது இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. வெளியே இருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. மேலும், ஒரு பொட்டலத்தில் இருப்பது ஒரே மாட்டின் இறைச்சி அன்று. பெரிய ஆலைகளில் பல மாடுகளின் துண்டுகள் ஒன்றாக அரைக்கப்படுகின்றன. ஒரு துண்டில் இருந்த அழுக்கு முழுத் தொகுதிக்கும் பரவக்கூடும். அரைத்த இறைச்சியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே நகர்கிறது.

ஹாம்பர்க்கிலிருந்து அமெரிக்காவுக்கு

19ஆம் நூற்றாண்டில் செருமானியக் குடியேறிகள் வழியாக ஹாம்பர்க் ஸ்டீக் என்னும் கொத்திய மாட்டிறைச்சி உணவு அமெரிக்க உணவகங்களில் பரவியது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் கையால் சுழற்றும் இரும்பு அரைவை இயந்திரம் வீடுகளுக்கும் இறைச்சிக் கடைகளுக்கும் வந்தது. அதுவரை உழைப்பும் நேரமும் கேட்ட வேலை சில நிமிடங்களில் முடிந்தது. கடினமான, மலிவான பகுதிகளும் மென்மையான உணவாயின.

ஜேம்ஸ் சாலிஸ்பரி என்னும் அமெரிக்க மருத்துவர், நாரும் கொழுப்பும் நீக்கிய மாட்டிறைச்சியை அரைத்து அடையாகத் தட்டி, தணலில் வாட்டி உண்ணுமாறு நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார். இக்கருத்தை 1888இல் வெளியான தம் நூலில் விளக்கினார். சாலிஸ்பரி ஸ்டீக் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. அன்று இது மருத்துவர் பரிந்துரைத்த நோயாளி உணவு.

1906ஆம் ஆண்டுச் சட்டம்

அந்த நற்பெயர் நீடிக்கவில்லை. 1906இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் சிக்காகோ இறைச்சி ஆலைகளின் நிலையை வெளிக்கொணர்ந்தது. ஆலைத் தொழிலாளரின் துயரைச் சொல்லவே அவர் அதை எழுதினார். வாசகர்களோ தங்கள் தட்டில் இருப்பது என்ன என்று அஞ்சினர். அதே ஆண்டு சூன் 30 அன்று கூட்டாட்சி இறைச்சி ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் ஆலைகளுக்குள் நின்று ஒவ்வோர் உடலையும் சோதிக்கத் தொடங்கினர்.

சோதனை கண்ணாலும் கையாலும் மூக்காலும் செய்யப்பட்டது. நோயுற்ற விலங்கையும் அழுகிய இறைச்சியையும் இதனால் விலக்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்டறிய இதனால் இயலாது. ஆனாலும் இம்முறையே அந்நூற்றாண்டின் இறுதி வரை அடிப்படையாக இருந்தது.

அரைத்த இறைச்சியின் மீது மக்களுக்கு இருந்த ஐயம் அதன் பிறகும் அகலவில்லை. 1921இல் கன்சாஸ் மாநிலம் விசிட்டா நகரில் தொடங்கிய வொயிட் காசில் உணவகம் அந்த ஐயத்தைப் போக்கவே வெள்ளைக் கட்டடம் கட்டியது, இறைச்சியை வாடிக்கையாளர் கண்ணெதிரே சமைத்தது. ஒரு ஹாம்பர்கர் ஐந்து சென்ட்டுக்கு விற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த விரைவு உணவகங்களும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளும் இதனை அமெரிக்கரின் அன்றாட உணவாக்கின.

1974ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் வேளாண்மைத் துறைக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. பச்சை இறைச்சியிலும் கோழியிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அரசு ஆய்வில் தேறியது என்ற முத்திரையைக் கண்டு மக்கள் அது கிருமியற்றது என்று நம்புகிறார்கள். ஆகவே எச்சரிக்கையையும் சமைக்கும் முறையையும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்று சங்கம் கோரியது.

1974இல் வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்கோரிக்கையை ஏற்கவில்லை. இல்லத்தரசிகளும் சமையல்காரர்களும் அறியாதவர்கள் அல்லர், அவர்கள் வழக்கமாகச் சமைக்கும் முறையில் இக்கிருமி அழிந்துவிடும் என்பது தீர்ப்பின் சாரம். இல்லத்தரசியைப் பாராட்டுவதுபோல் தோன்றும் இந்த வாதம் முழுச் சுமையையும் அவர் தலையில் வைத்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமியை அவர் எப்படி அறிவார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

புதிய கிருமி

1982இல் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் 47 பேர் கடும் வயிற்றுவலியாலும் இரத்தக் கழிச்சலாலும் பாதிக்கப்பட்டனர். இரு மாநிலங்களிலும் அவர்கள் ஒரே விரைவு உணவகத் தொடரின் ஹாம்பர்கரை உண்டிருந்தனர். காரணம் ஈ. கோலை ஓ157:எச்7 என்று கண்டறியப்பட்டது. மனிதக் குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலை இனத்தில் இது நஞ்சு சுரக்கும் ஒரு வகை. மாட்டின் குடலில் எந்த நோயும் உண்டாக்காமல் இருக்கும்.

1983இல் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் முகமது கர்மாலி குழுவினர் இத்தகைய கிருமிகளுக்கும் ஒரு சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் அந்த நோய் பெரும்பாலும் சிறு குழந்தைகளையே தாக்கும். நூற்றுக்கும் குறைவான கிருமிகளே நோய் உண்டாக்கப் போதுமானவை. ஆனால் இச்செய்தி மருத்துவ இதழ்களுக்கு வெளியே அதிகம் பரவவில்லை.

1993ஆம் ஆண்டுப் பேரிடர்

1992 இறுதியிலும் 1993 தொடக்கத்திலும் ஜாக் இன் த பாக்ஸ் உணவகங்களில் ஹாம்பர்கர் உண்டவர்களிடையே இதே நோய் பரவியது. வாசிங்டன், ஐடஹோ, கலிபோர்னியா, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களில் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். பிழைத்த குழந்தைகள் பலர் நிலையான சிறுநீரகப் பாதிப்புடன் வாழ நேர்ந்தது. இறந்த குழந்தைகளுள் சிலர் அந்த உணவை உண்டவர்கள் அல்லர். நோயுற்ற பிற குழந்தைகளிடமிருந்து அவர்களுக்குத் தொற்றியது.

அன்று கூட்டாட்சி அரசு உணவகங்களுக்குப் பரிந்துரைத்த வெப்பம் 140 பாகை பாரன்ஹீட், அதாவது 60 பாகை செல்சியஸ். வாசிங்டன் மாநிலம் அதற்கு முந்தைய ஆண்டே 155 பாகை பாரன்ஹீட், அதாவது 68 பாகை செல்சியஸ் எனத் தன் விதியை உயர்த்தியிருந்தது. அந்த உணவகங்கள் அதைப் பின்பற்றவில்லை. இறைச்சி ஆலையிலேயே மாசுபட்டிருந்ததும் உண்மை, அடுப்பில் முழுமையாக வேகாததும் உண்மை. இரண்டில் எது குற்றம் என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. இந்த முறை அதைக் கேட்டவர்கள் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர்கள்.

சட்டம் மாறியது

1994இல் பச்சை இறைச்சிப் பொட்டலங்களில் கையாளும் முறையை அச்சிடுவது கட்டாயமாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் சங்கம் கேட்டு மறுக்கப்பட்டது ஏறத்தாழ இதுவே. அதே ஆண்டு செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவின் தலைவர் மைக்கேல் டெய்லர், அரைத்த மாட்டிறைச்சியில் ஓ157:எச்7 இருந்தால் அது கலப்படப் பொருளாகக் கருதப்படும் என்று இறைச்சித் தொழில் துறையினர் கூட்டத்திலேயே அறிவித்தார். அத்தகைய இறைச்சியை விற்பது அதன்மூலம் சட்டவிரோதமாயிற்று.

தொழில் துறையினர் டெக்சாஸில் வழக்குத் தொடுத்தனர். 1974 தீர்ப்பையே சான்று காட்டினர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அமெரிக்கர் பலர் அரைத்த இறைச்சியை நடுவே சிவப்பாக இருக்கும்படி சமைப்பதையே சரியான பக்குவம் என்று கருதுகின்றனர், அந்த வெப்பத்தில் இக்கிருமி சாவதில்லை என்று அது சுட்டிக்காட்டியது. 1974இல் வீட்டுச் சமையல் வழக்கம் விற்பனையாளருக்குச் சாதகமான சான்றாக இருந்தது. 1994இல் அதே வழக்கம் அவருக்கு எதிரான சான்றாயிற்று.

1996இல் ஆலைகளுக்குப் புதிய விதிகள் வந்தன. எந்தெந்தக் கட்டத்தில் கிருமி சேரக்கூடும் என்று ஆலையே முன்கூட்டிக் கணித்துத் தடுக்க வேண்டும் என்பது அவற்றின் மையம். இம்முறை முதலில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960களில் உருவானது. ஆனாலும் ஆபத்து அடியோடு நீங்கவில்லை. 1997இல் நெப்ராஸ்கா மாநில ஆலை ஒன்றின் இறைச்சி 2.5 கோடி பவுண்டு அளவில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு நாள் மீந்த இறைச்சியை மறுநாள் தொகுதியில் கலக்கும் பழக்கம் அங்கு இருந்ததால் மாசு எங்கே முடிந்தது என்று பிரிக்க இயலவில்லை.

நிறம் தரும் பொய்ச்சான்று

அதுவரை வீட்டுச் சமையலுக்கு அளவுகோலாக இருந்தது நிறம். சிவப்பு மறைந்து பழுப்பானால் வெந்துவிட்டது என்று சமையல் நூல்களும் அரசுத் துண்டறிக்கைகளும் கூறின. 1990களில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் நடந்த ஆய்வுகள் இதை மறுத்தன.

இறைச்சிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்னும் புரதம். காற்றுப் பட்டு நாளான இறைச்சியில் இப்புரதம் ஏற்கனவே பழுப்பாக மாறத் தொடங்கியிருக்கும். அத்தகைய இறைச்சி பாதுகாப்பான வெப்பத்தை எட்டுவதற்கு வெகு முன்பே வெந்தது போன்ற நிறம் பெறும். நான்கில் ஒரு ஹாம்பர்கர் இவ்வாறு முன்கூட்டியே பழுப்பாகிறது என்று வேளாண்மைத் துறை கூறுகிறது. மாறாக, நன்றாக வெந்த பிறகும் சிவப்பு மாறாத இறைச்சியும் உண்டு.

எனவே 1997இல் அத்துறை தன் அறிவுரையை மாற்றியது. நிறத்தை நம்பாமல் வெப்பமானியால் 71 பாகையை உறுதி செய்க என்றது. உணவகங்களுக்கான விதி 68 பாகையில் 15 நொடி என்றிருந்தது. வீட்டில் கடிகாரம் பார்த்து அளப்பவர் குறைவு என்பதால், எட்டியவுடனே கிருமி அழியும் உயர்ந்த எண் வீடுகளுக்குத் தரப்பட்டது. கனடாவும் 71 பாகையையே பரிந்துரைக்கிறது. பிரித்தானியா 70 பாகையில் இரண்டு நிமிடம் என்கிறது.

வீட்டில் சமைக்கும் முறை

இன்றைய அடிப்படை முறை மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்பட்டதாகும்.

வாங்கிய இறைச்சியை 4 பாகைக்கு மேற்படாத குளிரில் வைத்து இரண்டு நாள்களுக்குள் சமைக்க வேண்டும். இல்லையேல் உறையவைக்க வேண்டும். உறைந்ததைச் சமையலறை மேடையில் வைக்காமல் குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே உருகவிட வேண்டும். இறைச்சியைக் கழுவத் தேவையில்லை. கழுவும் நீர் தெறித்துக் கிருமியைப் பரப்பும்.

உதிரியாக வதக்குவதற்கு அகன்ற சட்டியை முதலில் நன்றாகச் சூடாக்க வேண்டும். அரைக் கிலோ இறைச்சியைப் பரப்பி, ஓரிரு நிமிடம் கிளறாமல் விட்டால் அடியில் பொன்னிறம் பிடிக்கும். பிறகு கரண்டியால் உடைத்துக் கிளறி, மொத்தம் ஏழு முதல் பத்து நிமிடம் வேகவிட வேண்டும். சட்டி சிறிதாயின் இருமுறையாக வதக்குவது நல்லது. நெருக்கமாக இட்டால் நீர் விட்டு அவியும், வதங்காது. கட்டிகள் இருந்தால் அவற்றின் நடுப்பகுதியையும் அளக்க வேண்டும். அடையாகத் தட்டினால் வெப்பமானியை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடுப்பகுதி வரை செலுத்த வேண்டும்.

பச்சை இறைச்சி பட்ட தட்டில் வெந்ததை மீண்டும் வைக்கக் கூடாது. கை, கத்தி, பலகை ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்து, மூன்று நான்கு நாள்களுக்குள் உண்ண வேண்டும்.

மசாலாவும் நீரும் சேர்த்துக் கொதிக்கவிடும் நம் கொத்துக்கறிக் குழம்பு 71 பாகையை எளிதில் தாண்டிவிடும். அங்கே கவனிக்க வேண்டியது அடுப்பை அன்று. பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும், அதே பலகையில் அடுத்து நறுக்கும் வெங்காயத்தையும்தான்.

முடிவாக

2012இல் இதே இனத்தைச் சேர்ந்த மேலும் ஆறு கிருமி வகைகள் கலப்படப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1974இல் சமைப்பவர் மீது மட்டும் இருந்த பொறுப்பு இன்று ஆலைக்கும் அரசுக்கும் பகிரப்பட்டிருக்கிறது. இருப்பினும் சமைப்பவர் பங்கு தீரவில்லை. வெப்பமானியில் தெரியும் 71 என்ற எண், அந்தப் பேரிடரில் இறந்த குழந்தைகளுக்குப் பிறகு வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்த எண்ணாகும்.