பிர்சா முண்டாவின் சிறைவாசமும் நிலவுரிமையும்

சோட்டாநாகபுரியின் முண்டாப் பழங்குடியினர், தம் மூதாதையர் காடு வெட்டித் திருத்திய நிலத்தைக் குலத்தின் பொதுவுடைமையாகவே கொண்டிருந்தனர். 'குந்த்கட்டி' எனப்பட்ட இம்முறைமையை, பிரித்தானிய ஆட்சியின் துணையுடன் ஜமீந்தார்களும் வட்டிக்காரரும் சிதைத்தனர். இதனை எதிர்த்து மக்களைத் திரட்டிய பிர்சா முண்டா, 1895 இல் கைதாகி ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் விடுதலையான பின்னரும் நிலைமை மாறவில்லை. 1899 டிசெம்பரிற் கிளர்ச்சி மூண்டது. 1900 இல் மீண்டும் பிடிபட்ட பிர்சா, விசாரணை முடியுமுன்னரே, யூன் 9 ஆம் திகதி றாஞ்சிச் சிறையில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு 25 வயதும் நிரம்பவில்லை. வாந்திபேதியே காரணமென அதிகாரிகள் அறிவித்தனர். எனினும் அதே அரசு, 1908 ஆம் ஆண்டின் சோட்டாநாகபுரிக் குத்தகைச் சட்டத்திற் குந்த்கட்டி உரிமையை ஓரளவேனும் அங்கீகரிக்க நேர்ந்தது. அவரைக் கலகக்காரராக்கிய கோரிக்கை, அவர் மறைந்து எட்டாண்டுகளிற் சட்டத்தில் இடம்பெற்றமை நோக்கற்பாலது.