முதியோரைத் தாங்கிய கைகள்: ஒரு சின்ன வரலாற்றுப் பாடம்



இன்று அக்டோபர் 1. உலக முதியோர் தினம். 1990 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை எடுத்த முடிவின்படி 1991 முதல் இந்த நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் எனக்கும் வாழ்த்துகள் வந்தபடி இருக்கின்றன. "டீச்சர், நீங்களும் சீனியர் சிட்டிசன் ஆயிட்டீங்க" என்று ஒருவன் கிண்டல் வேறு செய்திருக்கிறான். கடைசி பெஞ்சுக்காரன். யாரென்று அவனுக்கே தெரியும். எல்லோருக்கும் நன்றி.

முதியவர்களை வாழ்த்த இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். முதியவர்களைத் தூக்கி, திருப்பி, துடைத்து, ஊட்டிவிடும் பெண்களைப் பற்றி நான் எழுதலாம் என்று நினைத்தேன். வழக்கம்போல் நீளமாகத்தான் இருக்கும். காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். பரீட்சை கிடையாது.

முதலில் என் கதை. 2012 ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நானும் வீட்டுக்காரரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணியை அழைத்து வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை. அன்றே வேலையில் சேர்ந்தார். 2016-இல் மாமியார் கண்மூடும் வரை எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

அவர் வந்திருக்காவிட்டால் 2012-க்குப் பிறகு என் வகுப்பில் உட்கார்ந்த உங்களில் யாருக்கும் நான் டீச்சராக இருந்திருக்க மாட்டேன். இதை நான் அப்போது உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வகுப்பில் அரசர்களின் போர்களை நடத்தும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன், நினைவிருக்கிறதா? "அத்தனை ஆயிரம் வீரர்களுக்குச் சோறு வடித்தது யார்? அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?" அதே கேள்வியை இந்த வேலைக்கும் கேட்டுப் பார்க்கலாம். மூன்று பெண்களின் கதையைச் சொல்கிறேன்.

முதல் பெண் ஒரு வீட்டு வேலைக்காரி. பெயர் ழான் ஜுகான். 1792-இல் பிரான்ஸ் நாட்டின் பிரித்தானி கடற்கரையில் கான்கால் என்னும் மீனவ ஊரில் பிறந்தவர். கடலுக்குப் போன தகப்பனார் திரும்பவில்லை. பதினைந்து, பதினாறு வயதிலேயே பெரிய வீடு ஒன்றில் சமையல் வேலைக்குப் போனார். பிறகு சில ஆண்டுகள் மருத்துவமனை வேலை, மறுபடியும் வீட்டு வேலை. 1839 குளிர்காலத்தில், 47 வயதில், கண் தெரியாத, பாதி உடம்பு செயலிழந்த ஒரு விதவைக் கிழவியைத் தன் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இருந்த ஒரு கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் பரணில் படுத்துக்கொண்டார். அடுத்து இன்னொரு மூதாட்டி வந்தார். பிறகு வீடு நிறைந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்துதான் அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்.

அவரோடு சேர்ந்த பெண்கள் பின்னாளில் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற சபை ஆனார்கள். 1845-இல் பிரெஞ்சு அகாதெமி அவருக்கு 3,000 பிராங்க் பரிசு கொடுத்துப் பாராட்டியது. ஆனால் அதற்கு முன்பே, 1843-இல், சபைக்கு வழிகாட்டியாக இருந்த பாதிரியார் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டிருந்தார். சபையைத் தொடங்கியதே தான்தான் என்று அந்தப் பாதிரியார் கதையையும் மாற்றிக்கொண்டார். 1852-இல் ஜுகானைத் தலைமை மடத்துக்கு வரவழைத்து, வெளியே போகாமல் உட்கார வைத்துவிட்டார்கள். 27 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1879-இல் அவர் இறந்தபோது சபையில் ஏறத்தாழ 2,400 பேர் இருந்தார்கள். இந்தப் பாட்டிதான் நம்மைத் தொடங்கி வைத்தவர் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது.

அவர் இறந்து மூன்று ஆண்டில், 1882-இல், அந்தச் சபை கல்கத்தாவுக்கு வந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் அவர்களுடைய முதியோர் இல்லம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள். அந்த வாசல் பிரான்சில் ஒரு வேலைக்காரி விட்டுக்கொடுத்த கட்டிலிலிருந்து வந்தது. 2009-இல் ஜுகானுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்குள் அவர் இறந்து 130 ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஜுகான் முதியவர்களுக்கு இடம் கொடுத்தார். அந்த இடத்தில் அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைப் படிப்பாக மாற்றியவர்களில் முக்கியமானவர் இரண்டாவது பெண். லண்டனுக்கு அருகில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் மார்ஜரி வாரன். 1935-இல், பக்கத்திலிருந்த ஏழைகள் மருத்துவ விடுதி அந்த மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. 700-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அவர் பொறுப்பில் வந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். பலர் ஆண்டுக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கவில்லை. என்ன நோய் என்று யாரும் சரியாகப் பார்த்ததும் இல்லை. வயசாகிவிட்டது, இனி என்ன என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். யாருக்கு மருந்து வேண்டும், யாரை உட்கார வைக்க முடியும், யாரை நடக்க வைக்க முடியும் என்று பிரித்தார். நர்சுகளையும் உடற்பயிற்சி தருபவர்களையும் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார். படுத்தே கிடந்தவர்களில் பலர் எழுந்து நடந்தார்கள். சிலர் வீட்டுக்கே திரும்பினார்கள். 1943-லும் 1946-லும் இதையெல்லாம் மருத்துவ இதழ்களில் எழுதினார். முதியோர் மருத்துவத்தின் தாய் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் நமக்குச் சொன்ன பாடம் எளிது. வயதானவர்களைப் பல சமயம் முடக்கிப் போடுவது வயது இல்லை. கட்டிலிலேயே விட்டுவிடும் நம் பழக்கம்.

மூன்றாவது பெண் ஒரு நர்ஸ். டோரின் நார்ட்டன், இவரும் இங்கிலாந்துதான். வீட்டில் படுக்கையில் யாரையாவது வைத்துப் பார்த்தவர்களுக்குப் படுக்கைப்புண் என்றால் என்னவென்று தெரியும். இடுப்பெலும்பு, வால் எலும்பு, குதிகால் போன்ற இடங்களில் உடம்பின் பாரம் ஒரே பக்கமாக அழுத்தும்போது ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை செத்துப்போகிறது. அந்தக் காலத்தில் இதற்கு ஆளுக்கொரு களிம்பு, ஆளுக்கொரு பொடி. நார்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் முதியோர் வார்டுகளில் ஆராய்ந்து 1962-இல் முடிவை வெளியிட்டார்கள். களிம்புகளை நம்பிப் பயனில்லை. நேரம் தவறாமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்து அழுத்தத்தைக் குறைப்பதுதான் காப்பாற்றும்.

யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே அறிய ஒரு மதிப்பெண் பட்டியலும் தந்தார்கள். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்று ஐந்து பாடம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. மொத்தம் 20. 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் எச்சரிக்கை. நம் ராங்க் கார்டு போலத்தான்! இன்றும் உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் நார்ட்டன் அளவுகோல் என்று பயன்படுத்துகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரம்தான் ஞாபகம் வந்தது. மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த அம்மா திருப்பிப் படுக்க வைப்பார். இரவிலும்தான். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் மடித்த பழைய சேலை. "யாரும்மா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று ஒருநாள் கேட்டேன். "முன்ன இருந்த வீட்டுல ஒரு ஐயாவுக்கு முதுகெல்லாம் புண்ணாயிடுச்சு டீச்சர். பாக்கவே முடியல. அதுலேர்ந்து கத்துக்கிட்டேன்" என்றார். நார்ட்டன் வார்டுகளில் கண்டுபிடித்ததை, இவர் ஒரு மனிதரின் வேதனையைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய அளவிலான மருத்துவமனை திறக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். மருத்துவமனைகள் வேண்டும்தான். ஆனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதெல்லாம் வேறு ஒருவர் கையில் இருக்கிறது. முன்பு அது மருமகள் கை. அல்லது சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டோடு இருந்துவிட்ட அத்தை கை. என் பிறந்த வீட்டிலும் அப்படி ஒரு அத்தை இருந்தார். என் தாத்தா, பாட்டி, பெரிய தாத்தா மூவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவர்தான். சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை. இன்று அந்தக் கை சம்பளத்துக்கு வரும் பெண்களுடையது.

சில நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்சும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். 2007-இல் நாடாளுமன்றம் பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் வந்தது. 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது அதில் ஒன்று. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

நாட்டைக் குறை சொல்லும் முன் என் வீட்டைச் சொல்ல வேண்டும். எனக்கு ஞாயிறு விடுமுறை, காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை எல்லாம் இருந்தன. அந்த அம்மாவுக்குப் பொங்கலுக்கு இரண்டு நாள், ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள். அவ்வளவுதான். சம்பளம் ஒன்றாம் தேதி தவறாமல் கொடுத்தேன், தீபாவளிக்குச் சேலை எடுத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

மாமியாரின் காரியம் முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, "டீச்சர், நான் இங்க இருந்தேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அடுத்த வீட்டுல கேப்பாங்க" என்றார். நானும் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். "உன் முழுப்பேர் என்னம்மா, அப்பா பேர் என்ன?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. நாள் தவறாமல் பதிவேட்டில் உங்கள் பெயர்களை இனிஷியலோடு கூப்பிட்டவள் நான். நான்கு ஆண்டுகள் என் வீட்டில் இருந்தவரின் முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கூப்பிட்டதே அவருடைய பெயரில் பாதிதான்.

அன்றுதான் உட்கார்ந்து பேசினோம். ஊரில் அவருடைய அம்மாவும் முடியாமல் கிடந்திருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள மகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாளாம். பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளைத் தேடித் தெருத்தெருவாகப் போன டீச்சர் நான். என் வீட்டு வேலைக்காக ஒரு பெண்பிள்ளை படிப்பை நிறுத்தியிருந்ததை விசாரிக்கக்கூட இல்லை. "நீங்க கேக்கல, நானும் சொல்லல டீச்சர்" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றும் அது என்னை உறுத்துகிறது. அந்தப் பெண் பிறகு தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதித் தேறினாள். பாடம் சொல்லிக் கொடுத்தது நான். கடனில் ஒரு தவணை கட்டினேன், அவ்வளவுதான்.

கடிதத்தை முதலில் நன்னடத்தைச் சான்றிதழ் போல இரண்டு வரியில் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க வந்தது. நான்கு ஆண்டுகளில் ஒரு படுக்கைப்புண் வரவிடவில்லை என்றும், இடது கையால் தானே சாப்பிடும் அளவுக்கு மாமியாரைப் பழக்கினார் என்றும், குழறிய பேச்சை வீட்டில் எங்களுக்கு முன் புரிந்துகொண்டவர் இவர்தான் என்றும், வாரம் ஒருநாள் கட்டாயம் விடுமுறை கொடுங்கள் என்றும் எழுதினேன். மேலே அவர் முழுப்பெயர். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். மடித்து அந்தத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டுப்பாடம். உங்களில் நிறையப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறீர்கள். ஊரில் அப்பா அம்மாவை யாரோ ஒரு அம்மா பார்த்துக்கொள்கிறார். இன்று போன் செய்யும்போது அவரிடமும் பேசுங்கள். முழுப்பெயர் கேளுங்கள், அவர் வீட்டில் யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் அவருக்கு விடுங்கள், அன்று நீங்களோ உறவுகளோ மாற்று ஏற்பாடு செய்யுங்கள். நலவாரியத்தில் பதிவு செய்ய உதவுங்கள். அவர் செய்த வேலையைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பெயரை இங்கே கமெண்டில் போட வேண்டாம், அது அவருடையது. அவர் கையில் இருக்கட்டும்.

எழுதிக் கொடுத்துவிட்டு "முடித்துவிட்டேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லுங்கள். நான் டிக் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்